பேரன் இல்லாத கல்லறைகள்

வடாலாவை ஒட்டி இருக்கும் அன்டாப் ஹில், மும்பைத் தமிழர்களுக்குப் புதிய இடம் அல்ல. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்தக் குவார்ட்டர்சில் குடியிருந்து, மாதுங்கா மார்க்கெட்டில் வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கி, பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிய தமிழ்க் குமாஸ்தாக்கள் ஏராளம்.

அதே அன்டாப் ஹில்லில் சீனர்களுக்கென்று ஒரு இடுகாடு இருக்கிறது. இது அவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

சீனர்கள் பம்பாய்க்குக் கப்பலில் வந்தவர்கள். பெரும்பாலும் தென்சீனாவின் காண்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். துறைமுகத்தை நம்பி வந்ததால் மஜ்காவ் பக்கத்தில் குடியேறினார்கள். அங்கே நவாப் டேங்க் சாலையில் 1919-ம் ஆண்டு அவர்கள் கட்டிய சிறிய கோவில் இன்றும் இருக்கிறது. பின்னாளில் பல் வைத்தியம், முடி அலங்காரம், ஓட்டல் என்று தொழில்கள் விரிந்தன. ஊரை விட்டு வந்தவர்கள் முதலில் ஒரு கோவில் கட்டுவதும், அடுத்து ஒரு இடுகாட்டுக்கு மனுப் போடுவதும் எல்லா இனத்துக்கும் பொது வழக்கம்தான்.

1962-ம் ஆண்டு சீனாவுடன் போர் மூண்டது. இந்தியாவில் இருந்த சீன வம்சாவளியினர் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அசாம், டார்ஜிலிங் போன்ற இடங்களிலிருந்து சுமார் 3,000 பேர் கைது செய்யப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரெயிலில் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. முகாமிலேயே பிறந்தவர்களும் உண்டு. முகாமிலேயே இறந்தவர்களும் உண்டு. அதன்பிறகு இந்தியா முழுவதுமே சீனக் குடும்பங்கள் கனடா போன்ற நாடுகளுக்குப் போகத் தொடங்கின. பம்பாயிலும் எண்ணிக்கை தேய்ந்தது.

ஊரை விட்டுப் போகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். கல்லறையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

துடைக்கும் நாள்

நமக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை போல, சீனர்களுக்கு முன்னோரை நினைக்க ஒரு நாள் உண்டு. அதற்கு 'சிங் மிங்' என்று பெயர். ஆண்டுதோறும் ஏப்ரல் 4 அல்லது 5-ந்தேதி வரும். அன்று குடும்பத்தோடு இடுகாட்டுக்குப் போவார்கள். களை பிடுங்கி, கல்லைக் கழுவி, மங்கிப்போன எழுத்துக்கு மீண்டும் வண்ணம் தீட்டுவார்கள். ஊதுவத்தி ஏற்றி, சோறும் பழமும் படைத்து, காகிதப் பணத்தை எரிப்பார்கள். பிறகு படைத்ததை அங்கேயே பகிர்ந்து சாப்பிடுவதும் உண்டு.

சீனக் கல்லறைக் கல்லில் எழுதியிருப்பதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். நடுவில் இறந்தவர் பெயர் இருக்கும். மேலே சீனாவில் அவருடைய சொந்த ஊர். ஓரத்தில், அந்தக் கல்லை நட்டவர்கள் யார் யார் என்ற பட்டியல். மூத்த மகன், இளைய மகன், மகள்கள், பேரன்கள், சில கற்களில் கொள்ளுப் பேரன் வரைக்கும் இருக்கும். இறந்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, இனி யார் வந்து துடைக்கப் போகிறார்கள் என்பதைத்தான் அந்தக் கல் அதிகம் சொல்கிறது.

சரி, இறந்தது ஒரு குழந்தையாக இருந்தால்?

பட்டியல் கிடையாது. மகனும் இல்லை, பேரனும் இல்லை. பெற்றவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். சீன மரபில் மூத்தவர் இளையவருக்குச் சடங்கு செய்யக்கூடாது. வெள்ளை முடிக்காரர் கறுப்பு முடிக்காரரை வழியனுப்புவது மிகப் பெரிய துக்கம், அதே சமயம் முறைகேடும்கூட. அதனால் குழந்தையின் சாவுக்குப் பெரிய சடங்கு இல்லை. பெரிய கல்லும் இல்லை. பெற்ற தாய் இடுகாட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. அவள் மனதுக்குள் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், அவள் போனபின் அந்தக் குழி எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

நூறாயிரம் கல்லறை

இப்படி மறைந்துபோன கல்லறைகளைத் தேடுவது எப்படி என்று அறிய வேண்டுமானால் சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கே 'புக்கிட் பிரவுன்' என்ற மிகப் பெரிய சீன இடுகாடு இருக்கிறது. புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. 19-ம் நூற்றாண்டில் அந்தக் குன்றுக்குச் சொந்தக்காரராக இருந்த ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. உள்ளூர்ச் சீனர்கள் மட்டும் 'காப்பிக் குன்று' என்று அழைத்தார்கள்.

1922-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி நகராட்சி இதைத் திறந்தது. அதுவரை சீனர்களுக்குள் குலத்துக்கு ஒன்று, பேச்சுமொழிக்கு ஒன்று என்று தனித்தனி இடுகாடுகள் இருந்தன. இங்கேதான் எந்தக் குலத்தவரும் இடம் வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஏழைகளுக்கும் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. 1973-ம் ஆண்டு மூடப்படும் வரை சுமார் 1 லட்சம் பேர் அங்கே அடக்கமாயினர். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் பாட்டனார் லீ ஹூன் லியோங்கும் அங்கேதான் இருக்கிறார். 1942-ல் ஜப்பானியர் குண்டு வீசியபோது இறந்தவர்களைப் பெருங்குழிகளில் புதைத்ததும் அங்கேதான்.

பணக்காரர்களின் சமாதிகளில் நமக்குப் பழக்கமான ஒரு முகம் காவலுக்கு நிற்கிறது. தலைப்பாகை கட்டி, துப்பாக்கி பிடித்த சீக்கியக் காவலாளியின் கற்சிலை! உயிரோடு இருந்த காலத்தில் வீட்டு வாசலில் நின்ற பஞ்சாப் சிப்பாய், செத்த பிறகும் கூடவே வரட்டும் என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மூடியபின் காடு வளர்ந்தது. மரவேரும் புதரும் கல்லறைகளை விழுங்கின. அங்குள்ள மிகப் பெரிய சமாதி ஓங் சாம் லியோங் என்ற கோடீசுவரருடையது. கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துப் பணம் குவித்தவர். பல வீடுகளை உள்ளே வைக்கக்கூடிய அளவு பரப்புள்ள அந்தச் சமாதியே காட்டுக்குள் மறைந்து கிடந்து, பின்னர்தான் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கே அந்தக் கதி என்றால், முழ உயரக் கல் ஒன்று நட்ட குழந்தைக் குழியின் கதி என்ன?

சாலை வந்தது

2011-ம் ஆண்டு, இடுகாட்டின் நடுவே ஒரு நெடுஞ்சாலை போடப்போவதாகச் சிங்கப்பூர் அரசு அறிவித்தது. சுமார் 4,000 கல்லறைகளைத் தோண்டி அகற்ற வேண்டியிருந்தது. நாட்டின் நிலம் சிறியது. உயிரோடு இருப்பவர்களுக்கு வீடும் வழியும் வேண்டும் என்பது அரசின் வாதம். அதைத் தள்ளிவிடவும் முடியாது. அங்கே இப்போது புதிதாகப் புதைக்கப்படுகிறவர்களுக்கே 15 ஆண்டுதான் இடம். 1998-ல் வந்த விதி அது.

தமிழர்களும் இதற்கு விலக்கு அல்ல. பிடாடாரி என்ற பழைய இடுகாட்டில் கிறிஸ்தவர்களோடும் முஸ்லிம்களோடும் இந்துக்களும் அடக்கமாகியிருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் தோண்டப்பட்டு, இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகி நிற்கிறது. பிடாடாரி என்றால் மலாய் மொழியில் தேவமங்கை. நம் புராணங்களில் வரும் வித்தியாதரி என்ற சொல்தான் கடல் கடந்து அப்படித் திரிந்திருக்கிறது.

புக்கிட் பிரவுன் அறிவிப்பு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத காட்டுக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். தன்னார்வத் தொண்டர்கள் கூடினார்கள். அவர்களில் ஓய்வு பெற்றவர்களும், அலுவலகம் போகிறவர்களும், மாணவர்களும் இருந்தார்கள். ரேமண்ட் கோ, சார்லஸ் கோ என்ற சகோதரர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே விடுமுறை நாட்களில் கத்தியும் கையுமாகப் புதருக்குள் நுழைந்து சமாதிகளைத் தேடியவர்கள். ரேமண்டின் தொழில் மருந்தாளுநர் வேலை. கல்லறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பாட்டன் பூட்டனைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் வழிகாட்டி.

இன்னொரு புறம் அரசின் ஏற்பாட்டில் ஆய்வாளர்கள், அகற்றப்படவிருந்த ஒவ்வொரு கல்லறைக்கும் எண் எழுதிய கட்டையை நட்டு, படம் எடுத்து, எழுத்தைப் படித்துப் பதிவு செய்தார்கள். அந்தச் சாலை 2018-ல் திறக்கப்பட்டது. லோர்னி நெடுஞ்சாலை என்பது அதன் பெயர்.

எப்படித் தேடுகிறார்கள்?

தேடி வருகிறவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு பெயரும், பாட்டி எப்போதோ சொன்ன ஒரு வரியும்தான். "எனக்கு மூத்தது ஒன்று இருந்து செத்துப்போச்சு" என்கிற மாதிரி ஒரு வரி. நம் வீடுகளில் கேட்காத வரியா?

முதலில் பதிவேடு. இடுகாட்டு அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் 1922-லிருந்து 1972 வரை எழுதிய புதைப்புப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் படம் எடுத்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர், வயது, தேதி, குழி எண் எல்லாம் வரிசையாக இருக்கும்.

ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. பதிவேடு ஆங்கிலத்தில். கல் சீனத்தில். ஒரே பெயரை ஹொக்கியன்காரர் ஒரு மாதிரி உச்சரிப்பார், காண்டன்காரர் வேறு மாதிரி உச்சரிப்பார். சொன்னவர் வாயில் எப்படி வந்ததோ, கேட்ட குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ, அப்படி எழுத்தாகிவிட்டது. தமிழ்ப் பெயர்கள் மும்பை ரேஷன் கார்டில் என்ன பாடு படுகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழந்தை என்றால் சிக்கல் இன்னும் கூடும். சீனர்கள் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்த பிறகுதான் விழா எடுத்து, சிவப்பு முட்டை வழங்கிக் கொண்டாடுவார்கள். பெயர் சூட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதற்குள் போய்விட்ட குழந்தையை எந்தப் பெயரில் தேடுவது?

குழி எண் கிடைத்துவிட்டால் அடுத்து காடு. கொசுவும் அட்டையும் நிறைந்த இடம். பாதி புதைந்த கல்லைத் தோண்டி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மாவைத் தூவித் துடைத்தால் பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும். நம்மூரில் கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்யும் அதே வேலைதான். தேதியை அப்படியே படித்துவிட முடியாது. சீனக் குடியரசு பிறந்த 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணியிருப்பார்கள். கல்லில் 20 என்றிருந்தால் அதோடு 1911-ஐக் கூட்ட வேண்டும். 1931 என்று வரும்.

கண்டுபிடித்த பிறகும் ஒரு சோதனை உண்டு. அகற்றப்படும் கல்லறையில், எலும்பின் மீது வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு தோண்டுவார்கள். பெரியவர்களுக்கு எலும்போ பல்லோ கிடைக்கும். பிஞ்சுக் குழந்தையின் எலும்பு அந்த ஈரமண்ணில் அத்தனை காலம் தாங்குவதில்லை. கரைந்துவிடும். அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுக்கொள்வதுதான் வழி. யாரும் கேட்டு வராதவர்களின் எச்சங்களை அரசே எரித்து, சில காலம் வைத்திருந்து, சாம்பலைக் கடலில் கரைக்க ஏற்பாடு செய்தது.

கன்னிக்கு ஒரு பாவாடை

வாரிசு இல்லாமல் இறந்தவர்களுக்குச் சீனர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கணக்கில் ஏழாவது மாதம் பேய்களின் மாதம். கேட்பாரற்ற ஆவிகளுக்கெல்லாம் தெருவில் பொதுவாகச் சோறு படைப்பார்கள். துடைக்க ஆள் இல்லாத பிள்ளைகளும் அந்தப் பந்தியில் சாப்பிட்டுக்கொள்ளலாம். இதைவிட விசித்திரம், இறந்தவர்களுக்குச் செய்யும் கல்யாணம். இளம் வயதில் போய்விட்ட மகன், 'எனக்குக் கல்யாணம் பண்ணி வை' என்று தாயின் கனவில் வந்து கேட்டால், அதேபோல் இறந்த ஒரு பெண்ணைத் தேடி, காகிதப் பொம்மைகளை மணமக்களாக வைத்துத் தாலி கட்டாத குறையாக முடித்து வைப்பார்கள். பிறகு உறவில் ஒரு பையனை அந்தத் தம்பதிக்குப் பிள்ளையாக எழுதி வைப்பதும் உண்டு. சிங்கப்பூரில் 1950-களில்கூட இது நடந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களில் 'கன்னி' கும்பிடுவது இன்றும் இருக்கிறது. வயதுக்கு வருமுன்னோ, கல்யாணத்துக்கு முன்னோ இறந்த பெண் பிள்ளையை வீட்டுத் தெய்வமாக்கி, ஆண்டுக்கு ஒரு நாள் புதுப் பாவாடையும் சட்டையும் வளையலும் பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். அவளுக்குப் பேரன் இல்லை. அண்ணன் தம்பி வழிப் பேரன்கள் கும்பிடுகிறார்கள். ஊரில் அவளைப் புதைத்த இடத்தில் இப்போது யார் வயல் இருக்கிறதோ, யார் வீடு இருக்கிறதோ! பெட்டி மட்டும் ரெயிலேறி வந்துவிட்டது.

ஆனால் இது பெண் பிள்ளைகளுக்கு, அதிலும் கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு. பால்குடிக் குழந்தைக்கு நம்மிடமும் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவர்களை எரிக்கும் குடும்பங்களிலும் குழந்தையைப் புதைப்பதே வழக்கம். பாலைத் தெளித்து மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிடுகிறோம். கருமாதி இல்லை. திதி இல்லை. கல்லும் இல்லை. சீனர்களாவது சில குழந்தைகளுக்கு ஒரு முழக் கல் நட்டார்கள்.

பம்பாய்க் கணக்கு

பம்பாயின் பழைய கணக்கைப் பார்த்தால் நெஞ்சு பதறும். 1921-ம் ஆண்டு, இந்த நகரில் பிறந்ததாகப் பதிவான ஆயிரம் குழந்தைகளுக்கு 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன என்று நகராட்சிப் புள்ளிவிவரம் சொல்லிற்று. பிறப்புகள் பல பதிவாகாமல் போனதால் அந்த எண் சற்று ஊதிப்போன எண்தான். பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பிய தாய்மார் பலர். அந்தக் குழந்தையின் பிறப்பு ஊர்க் கணக்கில், இறப்பு பம்பாய்க் கணக்கில். அதைக் கழித்துப் பார்த்தாலும் கொடுமை குறையவில்லை. ஒற்றை அறைக் கோலிகளில் வாழ்ந்தவர்களிடம்தான் சாவு மிக அதிகம். மில்லுக்குப் போன தாயின் குழந்தை அழாமல் இருக்க அபின் உருண்டை கொடுத்த காலம் அது.

தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்யத் தமிழர்கள் வந்து குடியேறியதும் அந்தக் காலகட்டத்தில்தான். சதுப்பு நிலம், கொசு, குடிதண்ணீருக்குப் பஞ்சம். அவர்கள் பெற்றதில் பிழைத்தவர்களின் பேரன்கள்தான் இன்று நைன்டி ஃபீட் சாலையில் கடை வைத்திருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்க்கிறார்கள். பிழைக்காதவர்கள் மயானத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறார்கள். ஒரே மண்ணைத் திரும்பத் திரும்பத் தோண்டித்தான் இந்த நகரம் சமாளித்து வருகிறது. குழியைத் தேடி இனிப் பயனில்லை.

மிஞ்சக்கூடியது ஒரு குமாஸ்தா எழுதிய வரி மட்டும்தான். சிங்கப்பூரிலும் அதுதான் மிஞ்சியது. பெயர் தெரியாத யாரோ ஒரு எழுத்தர், மழைநாளிலும் மேசைக்கு வந்து உட்கார்ந்து, கோணல் இல்லாத கையெழுத்தில் எழுதி வைத்த வரிகள் அவை. வயது என்ற கட்டத்தில் சில வரிகளில் ஆண்டு இல்லை, மாதம் இருக்கிறது. சில வரிகளில் மாதமும் இல்லை, நாள் இருக்கிறது.

இந்தியாவில் 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கும் பதிவு உண்டு. 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் வைக்கவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். மும்பையில் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் இதற்கான பிரிவு இருக்கிறது. தாராவிக்கு ஜி-நார்த் வார்டு, மாதுங்காவுக்கும் அன்டாப் ஹில்லுக்கும் எஃப்-நார்த், செம்பூருக்கு எம்-வெஸ்ட்.